சந்தியில் சொன்ன நன்றி

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரம் முடிந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. நான் வேலை பார்த்த கந்தோருக்கு ஆட்கள் வருவது நின்றுபோயிருந்தது.

கந்தோர் என்று நாங்கள் சொன்னது எங்கள் பகுதிப் பாராளுமன்ற உறுப்பினரின் வீட்டு முன்னறையை. ஒரு மேசை, இரண்டு தட்டச்சுப் பொறிகள், சுவரோரம் ஒரு நீண்ட வாங்கு. ஆறு வருடம் நான் அங்கே தட்டச்சு வேலை செய்தேன். புத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கும்போதே வாங்கு நிறைந்து முற்றத்திலும் ஆட்கள் நிற்பார்கள். இடமாற்றம் கேட்கும் ஆசிரியை, ஓய்வூதியம் நின்றுபோன தபால்காரர், தங்கள் ஒழுங்கையில் உள்ள வீடுகளுக்கு மின்சாரம் கேட்டு வந்த நாலு குடும்பம். ஐயா ஒவ்வொருவரின் கதையையும் முழுக்கக் கேட்பார். பிறகு ஆங்கிலத்தில் கடிதம் சொல்லுவார். நான் சுருக்கெழுத்தில் எடுத்துத் தட்டச்சு செய்து கொடுப்பேன். அவருக்கு அப்போது அறுபது வயது. மனைவி காலமாகியிருந்தார். மகள்மார் இருவரும் கலியாணம் கட்டி வெளியூரில் இருந்தார்கள்.

கலவரத்துக்குப் பிறகு பாராளுமன்றத்தில், தனிநாடு கேட்கமாட்டோம் என்று புதிய சத்தியப்பிரமாணம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எங்கள் பக்கத்து உறுப்பினர்கள் அதை எடுக்க மறுத்துச் சபைக்குப் போகாமல் விட்டார்கள். மூன்று மாதம் போகாததால் ஆசனங்கள் தாமாகவே காலியாகின. ஒரு நாள் காலை ஐயா உறுப்பினராக இருந்தார். அடுத்த நாள் இல்லை. முற்றத்தில் நின்றவர்கள் ஒரு கிழமைக்குள் குறைந்து, பிறகு ஒருவரும் வரவில்லை. அவர்கள் மீது எனக்குக் கோபம் வரவில்லை. கடிதத் தலைப்பில் பதவி இல்லாத ஒருவர் எழுதும் கடிதத்தால் மின்கம்பம் வராது என்று எல்லோருக்கும் தெரியும்.

நானும் நிற்கவேண்டியதுதான் என்று நினைத்து அவரிடம் கேட்டேன்.

“இன்னும் ஒரு மாதம் வாரும், பிள்ளை,” என்றார். “ஒரு வேலை மிச்சம் இருக்கு.”

அந்த வேலை என்னவென்று அன்றே விளக்கினார். சபையை விட்டுப் போகிற உறுப்பினர் எழுந்து நின்று விடைபெற்றுப் பேசுவது ஒரு வழக்கமாம். சபாநாயகரில் தொடங்கி, தன்னோடு மோதிய எதிர்ப்பக்கத்தவர், எழுதுவினைஞர்கள், சிற்றுண்டிச்சாலையில் தேத்தண்ணி தந்தவர்கள் வரைக்கும் நன்றி சொல்லுவார்களாம். பிறகு எதிர்ப்பக்கத்தில் இருந்து ஒருவர் எழும்பி அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லுவாராம். தனக்கு அந்தப் பேச்சு வாய்க்கவில்லை என்றார். அதனால் அதைக் கடிதமாக எழுதப்போகிறார்.

ஆறு வருடப் பழக்கத்தில் எனக்கு அந்தக் கடிதம் எப்படி வரும் என்று தெரியும் என்றே நினைத்தேன். அவர் கேட்காமலே ஒரு மாதிரிக் கடிதம் தட்டச்சு செய்து மேசையில் வைத்தேன். தாங்கள் காட்டிய நல்லெண்ணத்துக்கும் ஒத்துழைப்புக்கும் என்று தொடங்கும் கடிதம். பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

அவர் கண்ணாடியை மாட்டி வாசித்தார். வடிவாக இருக்கிறது என்றார். பிறகு குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

“உதை ஆருக்கும் எழுதலாம். அவர் எனக்கு என்ன செய்தவர் எண்டு எழுதினால்தான் அது அவருக்கு எழுதின கடிதம்.”

அப்படித்தான் தொடங்கினோம். ஒரு கடிதத்துக்கு ஒரு முழுக் காலை போனது. அவர் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு அந்த மனிதரைத் தேடுவார். இடதுசாரிக் கட்சிக்காரர் ஒருவர், ஐயாவுக்குப் பேச நேரம் ஒதுக்காத ஒரு விவாதத்தில், தன்னுடைய பத்து நிமிடத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறார். அந்தப் பத்து நிமிடம் என்ன விவாதம், அதில் தான் என்ன பேசினேன் என்பதெல்லாம் அந்தக் கடிதத்தில் வந்தது. கிழக்கிலிருந்து வந்த முஸ்லிம் உறுப்பினர் ஒருவர் நோன்பு நாட்களில்கூட, ஐயா வெறும் வயிற்றோடு மருந்து குடிக்கக்கூடாது என்று, கூட வந்து சாப்பாட்டு மேசையில் இருந்திருக்கிறார். இதையெல்லாம் ஆறு வருடத்தில் அவர் வாயால் நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஊரில் அவர் பேசிய கூட்டங்களில் அந்தச் சபை முழுவதும் எதிரிகளாலேயே நிறைந்திருந்தது.

எட்டாவதோ ஒன்பதாவதோ கடிதம் ஆட்சிக் கட்சி உறுப்பினர் ஒருவருக்கு. தெற்கே ஒரு தொகுதிக்காரர். எங்கள் பக்கம் யார் எழும்பினாலும் முதலில் கத்துகிறவர் அவர்தான் என்று ஐயா முன்பு சொல்லியிருந்தார். ஒரு வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் பெரும் கூச்சல். யாரோ எறிந்த தாள்கட்டு ஐயாவின் முகத்தில் பட்டுக் கண்ணாடி உடைந்துவிட்டது. கண்ணாடி இல்லாமல் அவருக்குப் படிக்கட்டே தெரியாது. சபை கலைந்ததும் அந்தத் தென்பகுதிக்காரர் வந்து கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போய், தன் காரில் ஏற்றி, கண்ணாடிக் கடை மூடுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்.

இந்த இடம் வரைக்கும் ஐயா நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு வந்தார். நானும் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டு வந்தேன். பிறகு அவர் நிறுத்திவிட்டார். நான் பென்சிலை வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

இது கடிதத்துக்கு இல்லை என்று சொல்லிவிட்டுத் தமிழில் சொன்னார். அன்று காரில் போகும்போது அந்த மனிதர், எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் புதுப் பிரசவ விடுதி கிடைத்த கதையைக் கேட்டாராம். ஐயா, தான் கேட்டுக் கிடைத்தது என்று சொன்னாராம். அதற்கு அவர் சிரித்துவிட்டு, “உங்களுடைய கடிதம் இரண்டாவதாகத்தான் வந்தது. உங்களிடம் தேர்தலில் தோற்றவர் அதற்கு முன்பே எழுதிவிட்டார். அமைச்சின் பெரிய அதிகாரி அவரோடு படித்தவர். அந்தக் கடிதத்தை நானே பார்த்தேன்,” என்றாராம்.

தேர்தலில் தோற்றவர் பக்கத்து ஊர்ச் சட்டத்தரணி. பழைய வழக்கப்படி எல்லோரும் பிறக்கிராசியார் என்றுதான் சொல்லுவார்கள். பிரசவ விடுதியைத் திறந்தபோது அழைப்பிதழ் தட்டச்சு செய்தவள் நான். அவருடைய பெயர் அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. திறப்பு விழாக் கல்லில் ஐயாவின் பெயர் இருந்தது.

“காரிலை கேட்ட பிறகாவது நான் அவரிட்டைப் போயிருக்கலாம்,” என்றார் ஐயா. “போகேல்லை.”

அவர் ஏன் போகவில்லை என்பது எனக்கு விளங்கியது. எழுபத்தேழாம் ஆண்டுத் தேர்தலில் சந்தியில் நடந்த கடைசிக் கூட்டத்தில் நானும் நின்றேன். அதில் ஐயா பிறக்கிராசியாரைப் பற்றி ஒரு விசயம் சொன்னார். அந்த நேரம் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழியும் மாவட்டமும் பார்த்துப் புள்ளி வெட்டுகிற முறை வந்து, எங்கள் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வெளியே நின்றார்கள். ‘இத்தனை பிள்ளைகள் வெளியே நிற்க, அரசாங்கத்தோடு கதைத்துத் தன் மகனுக்கு மட்டும் மருத்துவ பீடத்தில் கதவு திறந்து வைத்தவர் இவர்’ என்றார் ஐயா. கூட்டம் கொதித்தது. நானும் கை நோகும் வரைக்கும் தட்டினேன். சில புள்ளிகளால் வெளியே நின்ற பிள்ளைகளில் நானும் ஒருத்தி. தட்டச்சுப் படித்து அந்தக் கந்தோருக்கு வந்ததும் அதனால்தான். முகம் தெரியாத அந்தப் பையனை நான் வருடக்கணக்காக வெறுத்தேன்.

அன்று ஐயா எனக்கு மிச்சத்தையும் சொன்னார். கூட்டம் நடந்து மூன்றாம் நாள் அந்தப் பையன் படித்த கல்லூரி அதிபர் அவரிடம் வந்து, அவன் எடுத்த புள்ளிகளைக் காட்டியிருக்கிறார். எந்த வெட்டு வெட்டினாலும் உள்ளே போகிற புள்ளிகள். தேர்தலுக்கு நாலு நாள் இருந்தது. ஐயா அதிபருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்.

தட்டச்சுப் பொறியில் தாளைச் சுருட்டி, தென்பகுதிக்காரருக்கான கடிதத்தை அடித்து முடித்தேன். பிழை நிறைய வந்தது.

அடுத்த கிழமை முழுவதும் ஐயா பிறக்கிராசியாருக்கு ஒரு கடிதம் சொல்லப் பார்த்தார். ஆங்கிலத்தில் தொடங்கினார், சரிவரவில்லை. தமிழில் தொடங்கினார், அதுவும் மூன்றாம் வரியில் நின்றது. இருநூறு முந்நூறு மைலுக்கு அப்பால் இருந்தவர்களுக்கு வந்த சொல், இரண்டு மைலில் இருந்தவருக்கு வரவில்லை. கடைசியில், “வாரும், நேரை போவம்,” என்றார். ஏன் என்னையும் வரச்சொன்னார் என்று அப்போது யோசித்தேன். தனியே போனால் வாசலில் திரும்பிவிடுவேன் என்று பயந்திருக்கிறார் என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

ஆளுக்கொரு சைக்கிளில் போனோம். பிறக்கிராசியார் இடுப்பில் சாரத்தோடு மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, விதைக்கு வைக்கிற வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஆறு வருடம் முகம் பார்த்துக் கதைக்காதவர்கள்.

“வாரும்,” என்றார், எழும்பாமல். எனக்கு ஒரு வாங்கைக் காட்டினார்.

ஐயா இருக்கவில்லை. நின்றபடியே பிரசவ விடுதிக் கதையைச் சொன்னார். அது யார் எழுதிக் கிடைத்தது என்று தனக்கு மூன்று வருடமாகத் தெரியும் என்றார். அதற்கு நன்றி சொல்ல வந்தேன் என்றார்.

“அது ஆஸ்பத்திரிக்குச் செய்தது,” என்றார் பிறக்கிராசியார். “உமக்குச் செய்யேல்லை. நீர் நன்றி சொல்லத் தேவையில்லை.”

பிறகு ஐயா மகனைப் பற்றித் தொடங்கினார். பிறக்கிராசியாரின் கை நின்றது. கையில் இருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, “உது என்னட்டைச் சொல்லுறதில்லை. அவவிட்டைச் சொல்லும்,” என்று வீட்டுப் பக்கம் பார்த்தார்.

அவர் மனைவி ஏற்கெனவே வாசலில் வந்து நின்றிருந்தார். மெலிந்த, உயரமான மனுசி. முதலில் எங்களைத் தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். குடித்து முடிக்கும் வரைக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஐயா சொன்னதெல்லாவற்றையும் கேட்டார். அதிபர் வந்து புள்ளிகளைக் காட்டியதையும் ஐயா ஒளிக்கவில்லை.

“நீங்கள் அதை எங்கை சொன்னனீங்கள்?” என்று கேட்டார்.

“சந்தியிலை.”

“எத்தினை பேர் நிண்டவை?”

“கன பேர், அம்மா.”

“இப்ப இஞ்சை நாலு பேர் நிக்கிறம். இதிலை சொல்லி என்ன? அங்கை போய்ச் சொல்லுங்கோ.”

குரலில் சூடு இருக்கவில்லை. மகன் அந்தக் கூட்டத்துக்குப் பிறகு விடுமுறைக்கு ஊருக்கு வருவதை விட்டுவிட்டான் என்றும், படிப்பு முடிந்ததும் அப்படியே இங்கிலாந்துக்குப் போய்விட்டான் என்றும் சொன்னார். கடைக்குப் போனால் யாராவது, டொக்டர் தம்பி சுகமோ என்று ஒரு மாதிரிச் சிரித்துக் கேட்பார்களாம். இன்றைக்கும் கேட்கிறார்கள் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். நானும் கை தட்டினேன் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

திரும்பி வரும்போது ஐயா சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தார். அவ சொன்னது சரி என்று மட்டும் சொன்னார்.

ஆனால் அது லேசான காரியமாக இருக்கவில்லை. அந்த மார்கழியில் எங்கள் பக்கம் ஒரு கட்சியும் கூட்டம் வைக்கவில்லை. ஐயாவைப் போன்றவர்களின் காலம் முடிந்தது என்று இளைஞர்கள் வெளிப்படையாகவே கதைத்தார்கள். சுவர்களிலும் எழுதியிருந்தார்கள். இந்த நேரத்தில் பழைய எம்.பி. ஒருவர் சந்தியில் ஏறி நின்று, தான் பொய் சொல்லி வென்றேன் என்றால் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. பழைய கட்சி நண்பர் ஒருவர் வந்து, எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள், ஏன் கிளறவேண்டும் என்று கேட்டார்.

“மறந்தது நாங்கள்தான்,” என்றார் ஐயா.

சொன்னாரே தவிர, இரண்டு கிழமை அதைப் பற்றிப் பேச்சில்லை. கடிதங்கள் முடிந்து தபாலில் போய்விட்டன. அவர் விட்டுவிட்டார் என்றே நான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அது ஆறுதலாகவும் இருந்தது.

சந்தியில் இருந்த வாசிகசாலையில் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுப்பார்கள். அந்த முறை ஐயா வாசிகசாலைத் தலைவரிடம் போய், கடைசியில் தனக்குப் பத்து நிமிடம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அரசியல் பேசக்கூடாது என்று தலைவர் சொன்னாராம். விடைபெறுகிறதுதான், வேறொன்றும் இல்லை என்று ஐயா சொல்லியிருக்கிறார்.

பொங்கலன்று பின்னேரம் போனேன். வாசிகசாலைக்கு முன்னால் நிலத்தில் பாய் விரித்துப் பிள்ளைகள் இருந்தார்கள். பின்னால் வாங்குகளில் பெரியவர்கள். ரோட்டோரம் சில இளைஞர்கள் சைக்கிளில் ஒரு கால் ஊன்றி நின்றார்கள். எல்லாமாக நூறு பேர் வரும். எழுபத்தேழில் அதே இடத்தில் நின்ற கூட்டத்தில் கால்வாசியும் இல்லை. பிறக்கிராசியார் வரவில்லை. அவர் மனைவி வந்து, கடைசி வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தார்.

பரிசளிப்பு முடிந்ததும் ஐயா எழும்பினார். கையில் தாள் இல்லை. சபையில் விடைபெற்றுப் பேசத் தனக்கு இடம் கிடைக்கவில்லை, அதனால் தன்னை அனுப்பிய இடத்திலேயே விடைபெறுகிறேன் என்று தொடங்கினார். பத்து நிமிடத்தை விட்டுக்கொடுத்தவரைப் பற்றிச் சொன்னார். மருந்துக்காகக் கூட இருந்தவரைப் பற்றிச் சொன்னார். கண்ணாடி உடைந்த அன்று கையைப் பிடித்தவரைச் சொல்லி, அவர் ஆட்சிக் கட்சி என்றபோது வாங்குகளில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஒருவர் எழும்பிப் போய்விட்டார். ஐயா அவர் போகும் வரைக்கும் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

“இப்ப சொல்லுறதுதான் நான் சொல்ல வந்தது. எழுவத்தேழிலை இதே இடத்திலை நிண்டு, என்ரை எதிராளி தன்ரை மகனுக்கு மருத்துவ பீடத்திலை இடம் வாங்கினவர் எண்டு சொன்னனான். அது பொய். அந்தப் பிள்ளை படிச்சு எடுத்த இடம் அது. அந்தக் கிழமையே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பேசாமல் இருந்து வெண்டனான்.”

பிள்ளைகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு பிரசவ விடுதியைப் பற்றிச் சொன்னார். “கல்லிலை என்ரை பேர் கிடக்கு. எழுதிக் கேட்டு எடுத்தவர் அவர். இந்த ஆறு வருசத்திலை எனக்கு எதிராளியாய் இருந்துகொண்டு இந்த ஊருக்கு அவர் செய்ததுக்கு, நான் இண்டைக்குத்தான் நன்றி சொல்லுறன்.”

அவ்வளவுதான். கைகூப்பிவிட்டு இறங்கினார். யாரும் கை தட்டவில்லை. தலைவர் அவசரமாகத் தேவாரம் பாடச் சொன்னார். ரோட்டோரம் நின்றவர்களில் ஒருவன், “இவையள் எல்லாரும் உப்பிடித்தான்,” என்று சொன்னது எனக்குக் கேட்டது. ஐயாவுக்கும் கேட்டிருக்கும்.

பக்கத்தில் இருந்த அம்மா அசையவில்லை. தேவாரம் முடிந்து ஆட்கள் எழும்பத் தொடங்கியபோது நான் அவரிடம் சொன்னேன்.

“நானும் அண்டைக்குக் கை தட்டினனான், அம்மா.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “எல்லாரும்தான் தட்டினவை, பிள்ளை. சத்தம் எங்கடை வீடு வரைக்கும் கேட்டது,” என்றார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். வாங்கு உயரம் இல்லாமல் பதிவாக இருந்ததால் அவருக்கு எழும்பக் கஷ்டமாக இருந்தது.

ஐயாவுக்கு நாங்கள் பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. ஊரில் இரண்டு கிழமை கதைத்தார்கள். உண்மையைச் சொன்ன பெரிய மனிதன் என்று சிலர், பதவி போன பிறகு சொல்லி என்ன பிரயோசனம் என்று பலர். இரண்டாவதாகச் சொன்னவர்களோடு ஐயாவே ஒத்துக்கொண்டார். தேர்தலுக்கு முன் நாலு நாள் இருந்தபோது சொல்லியிருக்கவேண்டியது என்று என்னிடம் ஒரு முறை சொன்னார்.

அனுப்பிய கடிதங்களில் பாதிக்குத்தான் பதில் வந்தது. நேரத்தைக் கொடுத்தவர் நாலு பக்கம் எழுதினார். தென்பகுதிக்காரரின் பதில் மாதக்கணக்காகப் பிந்தி, உறை தணிக்கையில் திறந்து ஒட்டப்பட்டு வந்தது. கண்ணாடிக் கடைக்குப் போனதைத் தான் மறந்துவிட்டேன் என்றும், அதே நாளில் தானும் சேர்ந்து கத்தியது மட்டும் நினைவிருக்கிறது என்றும் எழுதியிருந்தார். ஐயா அதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

ஒரு மாத வேலை என்று நினைத்தது அப்படியே நீண்டது. அடுத்த வருடங்களில் இராணுவம் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகத் தொடங்கியபோது, ஊர்களில் பிரசைகள் குழுக்கள் அமைந்தன. எங்கள் பகுதிக் குழுவில் ஐயாவைக் கேட்டார்கள். பிறக்கிராசியார் இருந்தால் வருகிறேன் என்றார். பிறக்கிராசியாரும் வந்தார். அவர் ஆங்கிலத்தில் மனு எழுதுவார், நான் தட்டச்சு செய்வேன், இருவரும் முகாம் வாசலில் தாய்மாரோடு போய் நிற்பார்கள். மத்தியான வெயிலில் மணிக்கணக்காக நின்று, சில நாள் ஒரு பையனோடு வருவார்கள். பல நாள் வெறுங்கையோடு வருவார்கள். அவர்கள் நண்பர்களாகிவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு கமாவுக்காக அரை மணித்தியாலம் சண்டை பிடிப்பார்கள். பழைய விசயத்தை இருவரும் மறுபடி எடுக்கவேயில்லை.

எண்பத்தேழில் சண்டை நின்றிருந்த கொஞ்சக் காலத்தில் பிறக்கிராசியாரின் மகன் இரண்டு கிழமை லீவில் வந்தார். ஏதோ பத்திரத்தைப் படியெடுக்கக் கந்தோருக்கு வந்து, தகப்பனைக் காத்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் இருந்தார். முன்வழுக்கை விழுந்து, தகப்பனைப் போலவே இருந்தார். ஐயா அப்போது முகாமுக்குப் போயிருந்தார். அம்மா பொங்கல் கூட்டத்தைப் பற்றி எழுதியிருந்ததாக அவரே சொன்னார். அவர் என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. என்னிடம் எந்த ஆண்டு உயர்தரச் சோதனை எடுத்தேன் என்று கேட்டார். சொன்னேன். அவரும் அதே ஆண்டு.

“அந்தப் பௌதிகவியல் பேப்பர்,” என்றார். “ஆறாவது கணக்கு செய்தனீங்களோ?”

“தொடவேயில்லை.”

“நானும் பிழையாத்தான் செய்தனான். வெளியாலை வந்துதான் விளங்கினது.”

ஒரு தாளை எடுத்து அந்தக் கணக்கை எனக்குச் செய்து காட்டத் தொடங்கினார். பாதியில் அவருக்கும் மறந்துபோனது. தகப்பன் வந்து கூப்பிட்டபோது, இருங்கோ அப்பா என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் பென்சிலோடு இருந்தார். பிறகு முடியாமல் விட்டுவிட்டுப் போனார். ஐயாவைச் சந்திக்க அவர் கேட்கவில்லை. ஐயா திரும்பி வந்து கேள்விப்பட்டதும், எந்தக் கதிரையில் இருந்தவர் என்று மட்டும் கேட்டார்.

ஐயா காலமானது தொண்ணூறாம் ஆண்டு, இருதய வருத்தத்தில். வைத்தியத்துக்குக் கொழும்புக்குக் கொண்டுபோகப் பாதை இருக்கவில்லை. பெரிய கூட்டம் சேரவில்லை. குண்டு விழுகிற நாட்கள் என்பதால் வந்தவர்களும் அவசரப்பட்டார்கள். வழக்கம் இல்லையென்றாலும் நானும் சுடலைக்குப் போனேன். அங்கே யாராவது இரண்டு சொல் பேசவேண்டும் என்றபோது எல்லோரும் பிறக்கிராசியாரைப் பார்த்தார்கள். அவர் முன்னுக்கு வந்து, தானும் இவரும் ஒரு விசயத்திலும் ஒத்துப்போனதில்லை என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேச வரவில்லை. தோளில் கிடந்த சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொள்ளி வைக்க நேரமாகிறது என்று சொல்லி விலகி நின்றார்.